பல வருஷமா நின்னுபோன எம்ஜிபி காரை மறுபடி ரோட்டுல ஓட்ட: எதுக்கு அப்புறம் எது

இது எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்காக, அதுவும் இங்கிலாந்துல வச்சு ஓட்டப்போறவங்களுக்காக எழுதுறது. நான் லண்டன் ஹாரோல இருக்கேன். பக்கத்து தெரு பெரியவர் ஒருத்தர் கேரேஜ்ல 1996ல இருந்து அசையாம நின்ன 1972 மாடல் எம்ஜிபி ஜிடி ஒண்ணை வாங்கி, ரோட்டுக்கு கொண்டுவர பதினாலு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் நம்ம பசங்க மூணு பேர் இதே மாதிரி வண்டி வாங்குனப்போ கூடவே நின்னு பாத்தேன், மூணு பேருமே வந்து சறுக்குன எடம் ஒண்ணுதான்: வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே புது பேட்டரிய மாட்டி செல்ஃப் அடிச்சுப் பாக்கணும்னு அவசரப்பட்டது.

ஒரு தம்பிக்கு ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு. சந்தோஷத்துல அப்படியே ரிவர்ஸ் எடுத்தார், வீட்டு வாசல் சரிவு, பிரேக்கை மிதிச்சா மிதி தரையோட தரையா போயிடுச்சு, எதிர் வீட்டு செங்கல் சுவத்துல போய் சாத்தி பின்பக்க கதவும் பம்பரும் போச்சு. அன்னைக்கு அவர் வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்ல, பேரு மாத்தவும் இல்ல. அதனால என் வரிசை இதுதான்: பேப்பர், பாடி, பிரேக், அதுக்கப்புறம்தான் இன்ஜின்.

1. ஸ்பேனர் வாங்குறதுல இருந்தே ஆரம்பிக்கணும்

வீட்ல இருக்கற மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இந்த வண்டிக்கு ஆகாது. எம்ஜிபில எல்லாம் இன்ச் அளவு, 7/16, 1/2, 9/16 இந்த மூணும் இருந்தா முக்கால்வாசி வேலை முடியும். 13 எம்எம் ஸ்பேனர் 1/2 இன்ச் போல்ட்ல கிட்டத்தட்ட உக்காந்துடும், அதுலதான் வினையே, துரு புடிச்ச போல்ட்டை அதப் போட்டு இழுத்தா முனை மழுங்கி வழுக்கும், அப்புறம் அத வெட்டித்தான் எடுக்கணும்.

ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகவே கூடாது, நாலு ஆக்சில் ஸ்டாண்ட் வேணும். தீயணைப்பான் ஒண்ணு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், ஏன்னு இன்ஜின் பகுதியில சொல்றேன். ஒரு காந்தம், ஒரு நல்ல டார்ச், இந்த மாடலுக்கான வொர்க்‌ஷாப் மேனுவல். எதைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் ஃபோன்ல நாலு படம் எடுத்து வச்சுக்கங்க, ஆறு மாசம் கழிச்சு அந்த வாஷர் எங்க இருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இருக்காது.

2. பேப்பர்: வண்டிய தொடுறதுக்கு முன்னாடி

முதல்ல நம்பர் பிளேட் நம்பரை அரசாங்க வெப்சைட்ல போட்டு பாருங்க. வண்டி விவரம் வந்துச்சுன்னா டிவிஎல்ஏ, அதாவது வண்டி பதிவு பாக்குற அரசு அலுவலகம், அவங்க கம்ப்யூட்டர்ல அது உயிரோட இருக்குன்னு அர்த்தம், பாதி தலைவலி போச்சு. பழைய எம்ஓடி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியான்னு வருஷா வருஷம் பாக்குற சோதனை, அந்த விவரமும் பாக்கலாம், ஆனா 2005ல இருந்துதான் கிடைக்கும், அதுக்கு முன்னாடியே நின்னுபோன வண்டின்னா ஒண்ணும் வராது. பயப்பட வேண்டாம்.

லாக்புக், அதாவது வி5சி, கைல இருந்தா அதுல இருக்கற சேசிஸ் நம்பரும் பானெட்டுக்கு அடியில ரிவெட் அடிச்ச தகட்டுல இருக்கற நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு பாருங்க. இன்ஜின் நம்பர் மாறி இருந்தா பெரிய குத்தம் இல்ல, அம்பது வருஷத்துல இன்ஜின் மாத்தியிருப்பாங்க, டிவிஎல்ஏக்கு தெரியப்படுத்திட்டா போதும். சேசிஸ் நம்பர் மாறி இருந்தா காசு குடுக்காதீங்க.

லாக்புக் தொலைஞ்சு போயிருந்தா வி62 ஃபாரம், 25 பவுண்டு. இதுல நிறைய பேர் நினைக்கிறது லாக்புக் கைக்கு வந்துட்டா வண்டி நம்முதுன்னு. கிடையாது. லாக்புக் யார் வண்டிய வச்சுருக்காங்கன்னு காட்டுற பேப்பர், அவ்வளவுதான், வண்டி யாருக்கு சொந்தம்னு அது சொல்லாது. அதனால வித்தவர் கையெழுத்தோட, தேதி, தொகை, சேசிஸ் நம்பர் எல்லாம் போட்டு ஒரு ரசீது வாங்கிக்கங்க. இறந்தவரோட வண்டின்னா உயில்படி சொத்தை பாத்துக்கறவர்கிட்ட இருந்து வாங்கணும், பையன் குடுத்தான் பொண்ணு குடுத்துச்சுன்னா அப்புறம் இன்னொரு பையன் வருவான்.

வெப்சைட்ல விவரமே வரலைன்னா கதை வேற. வண்டிகளோட பழைய பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏறுனது 1983 நவம்பரோட முடிஞ்சுது, அந்த சமயத்துல கேரேஜ்ல கெடந்த சில வண்டிங்க ஏறாமலே போயிடுச்சு. அப்ப வி765 ஃபாரமும் வி55/5 ஃபாரமும் சேத்து அனுப்பணும், டிவிஎல்ஏ அங்கீகரிச்ச ஓனர்ஸ் கிளப் ஒண்ணு வண்டிய சோதிச்சு சான்று குடுக்கணும், அந்த நம்பர் இந்த வண்டிக்குத்தான்னு காட்ட பழைய லாக்புக், வரி வில்லை மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். அதனாலதான் சொல்றேன், கேரேஜை காலி பண்றப்போ மக்கிப்போன காகிதம்னு எதையும் தூக்கிப் போடாதீங்க. க்ளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடி, ஸ்பேர் வீலுக்கு அடி எல்லாம் தேடுங்க.

அடுத்து எஸ்ஓஆர்என், அதாவது வண்டி ரோட்டுல இல்லைன்னு எழுதிக் குடுக்கறது. வித்தவர் ஏற்கனவே போட்டு வச்சிருந்தாரு, நமக்கு எதுக்குன்னு விட்டுடாதீங்க. வண்டி கை மாறுன உடனே அவர் போட்டது செல்லாது, நீங்க உங்க பேர்ல புதுசா போடணும், காசு எதுவும் இல்ல. போடலைன்னா 80 பவுண்டு அபராதம்னு ஒரு லெட்டர் தானா வந்து நிக்கும். எனக்கு வந்துச்சு.

3. துரு: எங்க குத்திப் பாக்கணும்

எம்ஜிபிக்கு தனியா சேசிஸ் ஃப்ரேம் கிடையாது, பாடியே சேசிஸ். கதவுக்கு கீழ ஓடுற சில் தான் முதுகெலும்பு, வெளித்தகடு, உள்தகடு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு பல தகடு சேந்த பொட்டி அது. வெளித்தகடு பளபளன்னு பெயின்ட் அடிச்சு இருக்கும், உள்ள அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருக்கும்.

காந்தத்தை மெல்லிசான துணில சுத்தி சில் முழுக்க ஓட்டுங்க, எங்க புடிக்கலையோ அங்க இரும்பு இல்ல, பட்டிதான் பூசியிருக்கு. அப்புறம் தடிமனான ஸ்க்ரூடிரைவர் முனையால அடியில அழுத்துங்க. என் வண்டில டிரைவர் பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னாடி அழுத்துனேன், சத்தமே இல்லாம கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு, வெளிய இழுத்தா காபித்தூள் மாதிரி துரு ஒரு கைப்பிடி கொட்டுச்சு, அதுக்கு நடுவுல எப்பவோ யாரோ திணிச்சு வச்ச ஒரு பழைய பேப்பர் உருண்டை, அது மேலதான் பட்டிய பூசியிருக்காங்க.

கூரை இல்லாத ரோட்ஸ்டர்னா இன்னொரு சோதனை இருக்கு. கதவை மூடி, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பாத்துக்கங்க, ஜாக்கி போட்டு தூக்குனதும் மறுபடி பாருங்க. இடைவெளி சுருங்குனா, கதவு திறக்க டைட்டா இருந்தா, சில் செத்துப் போச்சு, வண்டி நடுவுல மடங்குது. கூரை இருக்கற ஜிடில இது அவ்வளவா தெரியாது, அதுக்காக நல்லா இருக்குன்னு நெனச்சிடாதீங்க.

மத்த எடங்க: சீட்டுக்கு பின்னாடி பேட்டரி உக்கார்ற பொட்டி, பின் ஸ்ப்ரிங் மாட்டுற எடம், ஃப்ளோர், முன் சக்கரத்துக்கு பின்னாடி மண் சேர்ற மூலை.

வெல்டிங்க பிரேக், இன்ஜின் வேலைக்கு முன்னாடியே முடிக்கச் சொல்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, புது பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஒயர் எல்லாம் மாட்டிட்டு அதுக்குப் பக்கத்துல நெருப்பு வைக்க முடியாது. ரெண்டாவது, வெல்டிங் செலவு கேட்ட அப்புறம் இந்த வண்டிய வச்சுக்கலாமா வித்துடலாமான்னே யோசிக்க வேண்டி வரலாம், கார்புரேட்டருக்கு முந்நூறு பவுண்டு போட்ட அப்புறம் அந்த யோசனை வந்து என்ன பிரயோஜனம். பழசு மேலயே புது தகடு ஒட்டுற ஆளுகிட்ட போகாதீங்க, அழுகுனத வெட்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும். சில் வெட்டும்போது வண்டிய நல்லா தாங்கி வச்சு, கதவு அளவு மாறாம குறுக்கே கம்பி குடுத்துட்டுத்தான் வெட்டணும், இல்லேன்னா வளைஞ்சது வளைஞ்சபடியே வெல்டாகி கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

மனசு விட்டுப் போகுதுன்னா ஒரு ஆறுதல், எம்ஜிபிக்கு கிடைக்காத பார்ட்ஸ் ரொம்ப கம்மி. பழைய அச்சுலயே முழு பாடிய 1988ல இருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதுசா செஞ்சு குடுக்குறாங்க.

4. பிரேக்கும் கிளட்ச்சும்

இதுல ரிப்பேர்ங்கற பேச்சே வேண்டாம், ரப்பர் இருக்கற எல்லாத்தையும் மாத்துங்க. மாஸ்டர் சிலிண்டர், பின்னாடி ட்ரம்ல வீல் சிலிண்டர், முன்னாடி கேலிப்பர் சீல், மூணு ஹோஸ். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், இருபது வருஷம் நின்னா அந்த தண்ணி சிலிண்டர் உள்ளயே துரு புடிக்க வச்சிடும், அது மேல புது சீல் போட்டா ஒரு மாசத்துல கிழிஞ்சிடும்.

பழைய ஹோஸ் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள ஊதிப்போயிருக்கும், மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, டிஸ்க் புடிச்சபடியே நிக்கும். இதை கேலிப்பர் கோளாறுன்னு நெனச்சு கேலிப்பர ரெண்டு தடவ கழட்டுனவர எனக்குத் தெரியும். இரும்பு பைப்புக்கு பதிலா செம்பு நிக்கல் கலந்த பைப் போடுங்க, துரு புடிக்காது, கைலயே வளைக்கலாம். ஆயில் டாட் 4. பிரேக் பைப்ல மாட்டுன காத்தை வெளிய எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்ட வாங்க.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட துரு புடிச்சு ஒட்டியிருக்கும், கிளட்ச் மிதிச்சாலும் கியர் விழாது. உடனே கியர்பாக்ஸ இறக்கணும்னு கெளம்பாதீங்க, எம்ஜிபில இன்ஜினை தூக்காம கியர்பாக்ஸ மட்டும் இறக்க முடியாது, பெரிய வேலை. கிளட்ச் ஹைட்ராலிக்கை சரி பண்ணிட்டு, மிதிய அழுத்தி ஒரு மரக்கட்டைய குறுக்கே குடுத்து ஒரு வாரம் விடுங்க. எனக்கு அஞ்சாம் நாள் டப்புன்னு விட்டுச்சு.

5. பெட்ரோல் டேங்க்

பழைய பெட்ரோல் நாத்தம் வார்னிஷ் மாதிரி இருக்கும், ஒரு தடவ மோந்தா மறக்காது. அத ஒரு சொட்டு கூட இன்ஜினுக்குள்ள விடாதீங்க, அந்த பிசின் வால்வுல ஒட்டும். டேங்க இறக்குங்க. அதோட மேல்பக்கத்துக்கும் பூட் தரைக்கும் நடுவுல ஈர மண் சேந்து மேலதான் ஓட்டை விழும், அதனால முழுசா நிரப்புறப்போதான் ஒழுகும், பாதி டேங்க்ல தெரியாது. உள்ள கோட்டிங் ஊத்தறத விட புது டேங்க்தான் மிச்சம்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குற ஆர்9 ரகமா மாத்துங்க. 2021 செப்டம்பர்ல இருந்து இங்க சாதா 95 பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால், பழைய ரப்பரை அரிச்சிடும். காசு கொஞ்சம் ஜாஸ்தின்னாலும் இ5 சூப்பரே போடுங்க.

6. இன்ஜின்: இப்பத்தான்

நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஸ்பூன் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் விட்டு மூணு நாலு நாள் விடுங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்து வண்டிய தரையில இறக்கி, நாலாவது கியர்ல போட்டு மெதுவா தள்ளுங்க, இன்ஜின் சுத்துதான்னு கைக்கே தெரியும். சுத்தலைன்னா மறுபடி ஆயில், மறுபடி ரெண்டு நாள். செல்ஃப் மோட்டார் வச்சு பலவந்தம் பண்ணா பிஸ்டன் ரிங் ஒடியும்.

ராக்கர் கவரை தூக்கி எட்டு வால்வும் மேல கீழ போகுதான்னு பாருங்க. ஒட்டிக்கிட்ட வால்வோட ஸ்டார்ட் பண்ணா புஷ் ராட் வளையும். வால்வு கேப் ஆறின இன்ஜின்ல 0.015 இன்ச்.

ஆயிலும் ஃபில்டரும் மாத்தி 20டபிள்யூ50 ஊத்துங்க. அப்புறம் பிளக் இல்லாமலே செல்ஃப் அடிங்க, டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் முள்ளு எந்திரிக்கிற வரைக்கும். பிளக் இல்லாததால பேரிங்ல பாரம் இல்ல, காஞ்சு கெடந்த எடத்துக்கெல்லாம் ஆயில் போய்ச் சேரும். இந்த ரெண்டு நிமிஷத்தை தவிர்த்துட்டு பேரிங்கை தின்னவங்க உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இருக்கற பாயிண்ட்ட சுத்தம் பண்ணி கேப் 0.015 இன்ச்சுக்கு வைங்க, பிளக் கேப் 0.025. பிளக் ஒயர் வரிசை 1, 3, 4, 2.

ரெட்டை எஸ்யு கார்புரேட்டரை கழட்டி ஜெட், ஃப்ளோட் ஊசி, கேஸ்கெட் மாத்துங்க. மேல இருக்கற டேஷ்பாட் பிஸ்டனை விரலால தூக்கி விட்டா டக்குன்னு கீழ விழணும், இழுத்து இழுத்து விழுந்தா ஜெட் நடுவுல இல்ல.

தீயணைப்பான் ஏன்னு சொல்றேன்னேன்ல. இந்த இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்கு நேர் கீழ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கிட்டா பெட்ரோல் வழியும், வழியறது சூடான இரும்பு மேல. அதனால ஓவர்ஃப்ளோ பைப் ரெண்டும் கீழ வரைக்கும் சரியா இருக்கான்னு பாத்துட்டு, முதல்ல சாவிய மட்டும் போட்டு நில்லுங்க, செல்ஃப் அடிக்காதீங்க. பின்னாடி பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக்னு வேகமா அடிச்சுட்டு கார்புரேட்டர் நிரம்புனதும் நின்னுடணும். நிக்காம அடிச்சா எங்கயோ காத்து வாங்குது இல்ல பெட்ரோல் வழியுது. போய் பாருங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க. சூடானப்போ ஓட்டத்துல ஆயில் பிரஷர் 50க்கு மேல, ஐடில்ல 10ல இருந்து 25க்குள்ள இருந்தா நிம்மதி. ரேடியேட்டர் தண்ணிய மாத்தாம இதெல்லாம் பண்ணாதீங்க, ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் சேத்து மாத்துங்க.

7. கரண்ட்

ஒயரிங்க முழுசா மாத்தணும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க, பெரும்பாலும் தேவைப்படாது. கோளாறுல பாதி எர்த், மீதி பாதி புல்லட் கனெக்டர்ல பச்சை புடிச்சது. ஒவ்வொண்ணா கழட்டி தேய்ச்சு மாட்டுங்க, ஒரே நேரத்துல ரெண்ட கழட்டாதீங்க. 1967 கடைசி வரைக்கும் வந்த எம்ஜிபில பாசிட்டிவ் தான் பாடில எர்த், வழக்கம் போல பேட்டரி மாட்டுனா சேதம் ஆகும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடி எந்த ஒயர் பாடிக்கு போகுதுன்னு பாருங்க.

8. ஸ்டியரிங், டயர்

முன்பக்க கிங்பின்ல ஒரு பக்கத்துக்கு மூணு கிரீஸ் நிப்பிள் இருக்கு, கன் வச்சு அடிச்சா பழைய கிரீஸ் பிதுங்கி வெளிய வரணும். சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடுனா எம்ஓடி ஃபெயில். டயர்ல பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்க நம்பர பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், தூக்கிப் போடுங்க.

9. எம்ஓடி தேவையில்லைன்னாலும் போங்க

2018 மே 20ல இருந்து 40 வருஷம் தாண்டுன வண்டிக்கு எம்ஓடி கட்டாயம் இல்ல, கடைசி 30 வருஷத்துல பெருசா மாத்தாம இருந்தா. நாலு சிலிண்டரை கழட்டிட்டு வி8 போட்ட வண்டின்னா இந்த சலுகை போயிடலாம். ஆனா எம்ஓடி இல்லைன்னாலும் வண்டி ஆபத்தான நிலைமையில ஓடுச்சுன்னா 2,500 பவுண்டு வரைக்கும் அபராதமும் லைசென்ஸ்ல மூணு பாயிண்ட்டும் இருக்கு. எம்ஓடிக்கு அதிகபட்ச கட்டணம் 54.85 பவுண்டுதான், நம்ம கண்ணுக்கு தப்புனத இன்னொரு கண்ணு பாக்கும். என் வண்டில ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் மட்டும் புடிக்குதுன்னு அங்க ரோலர்ல ஏத்துனப்போதான் தெரிஞ்சுது.

முதல்லயே தேதி வாங்கி வச்சிருந்தா டாக்ஸ் இல்லாமலே அந்த டெஸ்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம். இன்சூரன்ஸ் மட்டும் கட்டாயம் இருக்கணும், வழியில கடைக்கு நிறுத்துறதெல்லாம் கூடாது.

10. இன்சூரன்ஸ், டாக்ஸ், யூலெஸ்

கிளாசிக் இன்சூரன்ஸ்ல முன்னாடியே பேசி ஒத்துக்கிட்ட மதிப்புன்னு ஒண்ணு இருக்கு, அதையே எடுங்க. இல்லேன்னா நாளைக்கு வண்டி போனா அம்பது வருஷ பழைய கார்னு சொல்லி கைல சில்லறைய வைப்பாங்க.

டாக்ஸ்லதான் லண்டன்காரங்க ஏமாறுறது. எம்ஜிபி தயாரிப்பு 1980லயே நின்னுபோச்சு, அதனால எல்லா எம்ஜிபியும் ஹிஸ்டாரிக் கிளாஸுக்கு, அதாவது பழங்கால வண்டிக்கான டாக்ஸ் வகைக்கு தகுதி, வரி சைபர். ஆனா இது தானா மாறாது, நீங்கதான் கேக்கணும். ரொம்ப நாள் எஸ்ஓஆர்என்ல கெடந்த வண்டி லாக்புக்ல இன்னும் சாதா பெட்ரோல் கார்னே இருக்கும். வண்டி டாக்ஸ் வேலை பாக்குற போஸ்ட் ஆபீஸுக்கு உங்க பேர்ல இருக்கற லாக்புக்கும் எம்ஓடி சர்டிபிகேட்டும் கொண்டு போய் கிளாஸை மாத்துங்க. எம்ஓடி எடுக்காதவங்க வி112 ஃபாரம் நிரப்பணும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, யூலெஸ்னு லண்டன்ல புகை அளவு சேராத வண்டிகிட்ட தினமும் காசு வாங்குற திட்டம் இருக்கு, அந்த விலக்கு வண்டியோட வயசுக்கு மட்டும் கிடையாது, ஹிஸ்டாரிக் கிளாஸ்ல இருக்கணும். 2023 ஆகஸ்ட் 29ல இருந்து ஹாரோ, வெம்ப்ளி எல்லாமே அதுக்குள்ள. கிளாஸ் மாத்தாம ஓட்டுனா நாளைக்கு 12.50 பவுண்டு, அதையும் கட்டலைன்னா அபராதம் தனி. வருஷா வருஷம் சைபர் வரிய கட்டவும் மறக்கக்கூடாது, காசு இல்லைன்னாலும் டாக்ஸ் போட்டே ஆகணும்.

கருப்பு வெள்ளி நம்பர் பிளேட் ஆசை இருந்தா அதையும் கிளாஸ் மாறுன அப்புறம் மாட்டுங்க, அதுவும் 1980 ஜனவரி 1க்கு முன்னாடி செஞ்ச வண்டிக்குத்தான்.

11. முதல் 500 மைல்

முதல் பத்து மைல் வீட்டை சுத்தியே, சரிவு இல்லாத ரோட்ல. திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுட்டா அந்த பிரேக் புடிச்சுக்கிட்டு நிக்குது. 50 மைல்ல வீல் நட்டு, ஹோஸ் கிளிப் எல்லாம் ஒரு தடவ டைட் பண்ணி, வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலைல அட்டையில எண்ணெய் சொட்டு இருக்கும், எம்ஜிபில இருக்கத்தான் செய்யும், சொட்டு எங்க விழுந்திருக்குன்னு பேனாவால குறிச்சு அடுத்த வாரம் அதே அட்டைய அதே எடத்துல போடுங்க, பெருசாகுதான்னு தெரியும். பிரேக் ஆயில் வாசனை அடிக்கற சொட்டு மட்டும் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வண்டிய எடுக்காதீங்க. 500 மைல்ல இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாத்துங்க, வெளிய வர்ற ஆயில் எவ்வளவு கருப்புன்னு பாத்தா நீங்களே அசந்துடுவீங்க.